39,72,99,90,29,388: 200இன் பிரிவினை எண்

39,72,99,90,29,388 என்பது 200இன் பிரிவினைகளின் மொத்த எண்ணிக்கை. ஒரு முழு எண்ணை, வரிசையைப் பொருட்படுத்தாமல், மிகை முழு எண்களின் கூட்டலாக எழுதும் ஒவ்வொரு வழியும் ஒரு பிரிவினை. 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் எழுதலாம். ஆகவே 4இன் பிரிவினை எண் 5. 200இன் பிரிவினைகளை நொடிக்கு ஒன்றாக எழுதினாலும் 1,25,000 ஆண்டுகளுக்கு மேலாகும். இந்த எண் 12ஆல் மீதியின்றி வகுபடும். 8ஆலும் 9ஆலும் வகுபடாது. 200க்கு முந்தைய 199, 25ஆல் வகுக்க 24 மீதி தருவது. அத்தகைய எண்களின் பிரிவினை எண் 25ஆல் வகுபடும் என்பது சீனிவாச இராமானுஜன் கண்ட விதி. 199இன் பிரிவினை எண்ணான 36,46,07,24,32,125 அதற்குச் சான்று.

இந்த எண்ணின் பெருமை அதன் அளவில் இல்லை. பை (π) என்னும் மாறிலியும் வர்க்கமூலங்களும் நிறைந்த ஒரு சூத்திரம் அதைக் கடைசி இலக்கம் வரை பிடித்துவிட்டதில் இருக்கிறது. 1918இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியும் இராமானுஜனும் வெளியிட்ட அச்சூத்திரத்தின் முதல் உறுப்பு மட்டும் 36,202 குறைவான விடையைத் தரும். எட்டு உறுப்புகளைக் கூட்டினால் பிழை 0.004தான். கணிதவியலாளர் மக்மஹோன் கையால் கணக்கிட்ட அட்டவணையில் இதே எண் இருந்ததே, சூத்திரம் எதற்கு என்று கேட்கலாம். ஆய்லரின் வழியைப் பின்பற்றும் அட்டவணைக்கு முந்தைய மதிப்புகள் கையில் இருந்தாக வேண்டும். சூத்திரமோ 200ஐ நேரே அடைகிறது.

இச்சூத்திரத்தின் வித்து சென்னைத் துறைமுகத்தில் விழுந்தது. 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன், 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தொடரின் கெழு இன்ன கோவைக்கு மிக அருகிலுள்ள முழு எண் என்று எழுதியிருந்தார். அந்தக் கூற்று தவறு, நிறுவல் கேம்பிரிட்ஜில்தானே உருவானது என்பது நியாயமான மறுப்பு. கூற்று அப்படியே உண்மையில்லை என்பதை ஹார்டியும் சொன்னார். ஆனால் பிரிவினை ஆய்வு முழுவதும் அதிலிருந்தே கிளைத்தது என்றும் அவரே பதிவு செய்தார். 1937இல் ராடமாகர் பிழையே இல்லாத சூத்திரத்தைக் கண்டார். அதைத் தனியாகக் கண்டடைந்த செல்பர்க், இராமானுஜன் கடிதத்தில் எழுதிய வடிவமே அந்தச் சரியான சூத்திரத்தை நோக்கியது என்று வாதிட்டார். வடிவத்தைக் கண்டவர் துறைமுக எழுத்தர்; அதற்கு நிறுவலின் உறுதியைத் தந்தது கேம்பிரிட்ஜின் கூட்டுழைப்பு. இரண்டில் எது குறைந்தாலும் இந்தச் சூத்திரம் கிடைத்திராது.

துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்தில், ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் 1993இல் இராமானுஜன் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு 4இன் ஐந்து பிரிவினைகளை எழுதிக் காட்டுங்கள். 200இன் எண்ணுக்குப் போகும் வழி தங்கள் ஊரிலிருந்தே தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.