துருவேறிய சீவுளியும் யாழ்ப்பாணத்துத் தச்சர் வரலாறும்

யாழ்ப்பாண வரலாற்றை எழுதப் புகுந்தோர் வையாபாடலையும் யாழ்ப்பாண வைபவமாலையையும் நாடினர். 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமையை நாடினர். தோம்புகளையும் மிசனரிமாரின் அறிக்கைகளையும் நாடினர். இவை யாவும் காணியுடையோரையும் ஆட்சியாளரையும் சமயத்தவரையும் பற்றிப் பேசுமளவுக்கு, அக்காணியில் நாற்சார் வீடு கட்டியவனையும் கோயிலுக்குத் தேர் செய்தவனையும் பற்றிப் பேசுவதில்லை. தச்சன் ஏடெழுதிவைத்துச் செல்லவில்லை. அவன் கையிலிருந்த கருவி எஞ்சியிருக்கின்றது. அதனை ஓர் ஆவணமாகக் கொண்டு வாசித்தல் இயலுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவது, பழைய இரும்புக் கடைகளிலே துருப்பிடித்துக் கிடக்கும் சீவுளி.

முதலிற் பெயரை நோக்குவோம். தமிழகத்தார் இழைப்புளி என்பர். நாம் சீவுளி என்போம். இரண்டிலும் இறுதியில் நிற்பது உளியே. கட்டைக்குள் இறுகப் பொருத்தப்பட்டு, ஒரே ஆழத்தில் மாத்திரம் மரத்தைச் சீவுமாறு கட்டுப்படுத்தப்பட்ட உளி என்பதை இப்பெயர் செவ்வையாகவே உணர்த்துகின்றது. இவ்விடத்துப் பிறிதொன்றும் கவனிக்கத்தக்கது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்று தச்சன் செய்து கொடுத்த பொருட்களின் பெயர்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. உளி, வாள், வாய்ச்சி, சீவுளி என்று அவன் அவற்றைச் செய்த கருவிகளின் பெயர்களோ தமிழாகவே நின்றுவிட்டன. கேட்பவரின் விருப்பம் மாறியபோதும் செய்பவன் தன் தொழில்மொழியைக் கைவிடவில்லை என்றே இதனை நான் விளங்கிக்கொள்கிறேன்.

பழைய சீவுளி மரத்தாலானது. அலகை ஆப்பினால் இறுக்குவர். ஆழத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டின் தட்டித்தட்டியே சரிசெய்வர். இதற்குக் கைப்பழக்கமும் செவிப்பழக்கமும் வேண்டும். இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கரான லெனாட் பெயிலி. பித்தளைத் திருகொன்றைச் சுழற்றியே அலகை ஏற்றி இறக்கத்தக்க வார்ப்பிரும்புச் சீவுளியை அவர் உருவாக்கினார். அவருடைய காப்புரிமைகளை 1869இல் கனெற்றிக்கற் மாநிலத்து நியூ பிரித்தன் நகரிலிருந்த ஸ்ரான்லி நிறுவனம் வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் றெக்கோட் என்னும் பெயருடன் இதே அமைப்பிலான சீவுளிகள் 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தன. ஸ்ரான்லியும் அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் அந்நகரிலேயே உற்பத்தியைத் தொடங்கிற்று.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரை அனுப்பிய சபையின் தலைமையகம் பொஸ்ரன் நகரிலிருந்தது. பெயிலி தொழில் நடத்தியதும் அந்நகரிலேயே. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அதே கரையோரத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. இப்பொருத்தங்கள் சுவையானவை. எனினும் இவற்றைக் கொண்டு மிசனரிமாரே இரும்புச் சீவுளியை இங்கு கொணர்ந்தனர் என முடிவுகட்டுதல் வரலாற்று முறையன்று. கருவியின் காலத்தைக் கருவியிலேயே தேடுதல் வேண்டும்.

ஆதலால் துருவை அகற்றுமுன் வாசிக்க வேண்டும். உலர்ந்த தூரிகையால் புழுதியை மாத்திரம் தட்டிவிட்டு, அலகையும் அதனைத் தாங்கும் சாய்மேடையையும் கழற்றி, அடித்தட்டின் மேற்புறத்தைப் பார்க்க. இலக்கத்துக்கு முன் பூச்சியம் இட்டு 04, 05 என்றிருப்பின் அது றெக்கோட். சாய்மேடைக்குப் பின்னால் 1902, 1910 ஆகிய ஆண்டுகளின் காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருப்பின், அமெரிக்க ஸ்ரான்லி, 1910க்கு முற்பட்டதன்று. அலகிலே இதய வடிவ முத்திரை காணப்படின் அவ்வலகு பெரும்பாலும் 1920க்கும் 1935க்கும் இடைப்பட்டது. அழுத்துமூடியின் துவாரம் சிறுநீரக வடிவினதாயின் 1933ஐ ஒட்டியோ அதன் பின்னரோ வந்தது. பித்தளைத் திருகு இருக்கவேண்டிய இடத்திற் கரிய வன்றப்பரால் ஆனது இருப்பின், பித்தளை போருக்குச் சென்றுவிட்ட இரண்டாம் உலகப் போர்க்காலத்தை நினைக்கலாம். ஆனால் அலகும் மூடியும் மாற்றத்தக்கவை. அவற்றை மட்டும் நம்பி உடலின் வயதைக் கூறலாகாது. அமெரிக்கச் சீவுளிகளுக்கு வகுக்கப்பட்ட காலவரிசையும் செபீல்டில் உற்பத்தியானவற்றுக்கு அப்படியே பொருந்தாது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த இலங்கையிலே இவ்வெச்சரிக்கை மிக அவசியம்.

தொழிற்சாலை பொறித்த குறிகள் ஒரு பாதி வரலாறே. மறுபாதி இம்மண்ணிற் பொறிக்கப்பட்டது. 1990களிற் குடாநாட்டுக்குத் தேசிய மின்வழங்கல் இல்லாதிருந்த ஆண்டுகளில் கைச்சீவுளியின் தேவை மீண்டும் கூடிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது சைக்கிளில் ஏற்றத்தக்கதே எடுத்துச்செல்லப்பட்டது, வார்ப்பிரும்பு பாரமானது. 2009க்குப் பின் மீளத் திரும்பியோர் பலர் கதவு நிலைகளும் இல்லாத வெறுஞ் சுவர்களையே கண்டனர். பட்டறையிற் கிடந்த இரும்பு நிறைக்கு விற்கப்படும் பொருளாயிற்று. உருக்கும் உலைக்குச் செல்லும் சீவுளி ஒவ்வொன்றோடும் மேற்கூறிய குறிகளும் அழிகின்றன.

கடலுக்கு எவ்விடமும் அண்மையாயுள்ள இந்நிலத்தில் துரு விரைந்து பிடிக்கும். மேலாகப் படர்ந்த செந்துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அலகின் வாயருகே குழி விழுந்திருப்பதே கேடு. அடித்தட்டின் வாய்ப்பகுதியில் மயிரிழை வெடிப்பு உண்டா என்பதையும் பார்த்தல் நன்று. வெடித்த வார்ப்பிரும்பு தொழிலுக்கு உதவாது, எனினும் சான்றுக்கு உதவும். இறுகிய திருகுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுத்திருக்க வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கை மினுக்கும் பழப்புளியே இரும்பின் துருவையும் கரைக்கும். அதிலுள்ள தாத்தாரிக்கமிலமே காரணம். ஆயின் நெடுநேரம் ஊறவிட்டால் அமிலம் நல்லிரும்பையும் தின்னும். எடுத்தவுடன் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும். அடித்தட்டைத் தடித்த கண்ணாடிமேல் விரித்த மணற்கடதாசியில் தேய்த்து மட்டப்படுத்தலாம். எழுத்துகள் உள்ள இடங்களிற் கம்பித் தூரிகை படலாகாது; எஞ்சியுள்ள கருமெருகைச் சுரண்டிப் புதுவர்ணம் அடிப்போர் சீவுளியை அழகாக்கி ஆவணத்தை அழிக்கின்றனர்.

கைப்பிடி விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உடைந்த பிடிக்குப் பதிலாக வேம்பிலோ முதிரையிலோ கடைந்து பொருத்திய பிடி காணப்படின், அதை நீக்கி மேனாட்டுப் பிடியை வருவித்துப் பூட்டுதல் என் கருத்திற் பெருந்தவறு. அப்பிடியில் உளிமுனையால் வெட்டிய முதலெழுத்துகள் இருக்கலாம். எண்ணெய் பூசுமுன் அவற்றைப் படியெடுத்துக்கொள்க. அலகில், நீள்துளைக்குக் கீழே எஞ்சியுள்ள உருக்கின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்க. புதிதாயிருந்தபோதுள்ள நீளத்திலிருந்து அதனைக் கழித்தால் வருவது, சாணைக்கல்லில் அவன் தீட்டித்தீட்டித் தேய்த்த அளவு.