உயிருக்கு ஈடாகக் கொடுத்த குரல்

ஆசிரியத் தொழிலுக்கு மூலதனம் குரல். குரல்வளையை அகற்றும் சத்திர சிகிச்சையின் வரலாற்றிலும் இரண்டு ஆசிரியர்கள் முன்னிற்பது என் கருத்தைக் கவர்ந்தது.

ஒருவர் மானுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர். 1854-ஆம் ஆண்டில் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் துணைகொண்டு, தம் குரல்வளை அசைவதைத் தாமே கண்டார். அம்முறையைப் பின்பற்றிய மருத்துவர்கள், தொண்டையுள் மறைந்து வளரும் நோயைக் கண்ணால் காணலாயினர்.

மற்றவர் 36 வயதுடைய சமயபாட ஆசிரியர், புற்றுநோயாளி. 1873 டிசம்பர் 31-ஆம் நாள், வியன்னாவில் தியோடர் பில்ரோத் அவருடைய குரல்வளை முழுவதையும் அகற்றினார். செர்னி என்ற அவருடைய உதவியாளர் நாய்களிடம் முன்னரே இதைச் சோதித்திருந்தார். குசன்பாவர் என்ற மற்றோர் உதவியாளர் செயற்கைக் குரல் கருவி ஒன்றை அமைத்துக் கொடுக்க, நோயாளி மீண்டும் பேசினார். ஆயினும் நோய் திரும்பியது; சில மாதங்களில் அவர் மாண்டார்.

அக்காலத்தில் இச்சிகிச்சை பெற்றோர் பலர் விரைவிலேயே இறந்தனர். உமிழ்நீரும் உணவும் நுரையீரலுள் இறங்கியதே முக்கிய காரணம். பெர்லின் நகரத்துக் குளுக் என்பார் இதற்கு வழி கண்டார். வெட்டிய மூச்சுக்குழலின் வாயைக் கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்து, தொண்டையைத் தனியே மூடினார். மூச்சுக்கு ஒரு வழி, உணவுக்கு ஒரு வழி என்றாயிற்று. நோயாளி வாழ்நாள் முழுவதும் கழுத்துத் துவாரத்தின் வழியே சுவாசிப்பார். ஆனால் உயிர் பிழைப்பார்.

உயிர் காத்தபின் குரலைப் பற்றிய கவலை எழுந்தது. உணவுக் குழலுள் காற்றை வாங்கி, அதை வெளிவிட்டுப் பேசப் பலர் பழகினர். 1980-இல் மருத்துவர் சிங்கரும் பேச்சுப் பயிற்சி வல்லுநர் பிளாமும் வேறொரு முறையை வெளியிட்டனர். மூச்சுக்குழலுக்கும் உணவுக் குழலுக்கும் இடையே ஒருவழி வால்வு பொருத்துவது அது. கழுத்துத் துவாரத்தை விரலால் மூடினால், நுரையீரலின் காற்று வால்வு வழியே சென்று ஒலியாகிறது.

1991-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு வெளிவந்தது. மருந்தும் கதிர்வீச்சும் பெற்றோரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் குரல்வளையை இழக்கவில்லை. அதனால் அவர்கள் ஆயுளும் குறையவில்லை. எனினும் முற்றிய நோய்க்கு இன்றும் கத்தியே துணை.

ஆகவே, குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், வகுப்பில் கத்தியதன் பயன் என்று வாளாவிருத்தல் தகாது. மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். புகையிலையை இன்றே விடுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் உயிரும் தப்பும், குரலும் தப்பும்.