தாமிரபரணியின் பெயர் தாங்கிய கெண்டை

டாக்கின்சியா என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சிறு நன்னீர்க் கெண்டை மீன்களின் பேரினம் ஆகும். வளர்ந்த ஆண் மீன்களின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் நூலிழை போல நீண்டிருப்பது இவற்றின் அடையாளம். இப்பேரினத்தைச் சேர்ந்த சிற்றினம் ஒன்று, கோவில்பட்டி மக்கள் குடிக்கும் தாமிரபரணியின் பெயரைத் தாங்கியுள்ளது.

பெயர் வரலாறு

1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஆமில்டன், வங்காளத்தின் 'புண்ட்டி' என்ற சொல்லிலிருந்து புண்டியசு என்னும் பெயரை உருவாக்கினார். பின்னர் தெற்காசியாவின் சிறு கெண்டைகள் பலவும் அப்பெயரின் கீழ் சேர்க்கப்பட்டன. 1849இல் சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய செர்டன், அருலியசு என்ற மீனை விவரித்தார். தாமிரபரணியில் வாழும் அதை ஒத்த மீனை, 1954இல் ஈ. ஜி. சைலசு அருலியசின் துணைச் சிற்றினமாக விவரித்து, ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். இவர் பிற்காலத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இன்று அம்மீன் தனிச் சிற்றினமாகக் கொள்ளப்படுகிறது.

2012இல் இலங்கை ஆய்வாளர்கள் உரோகன் பெத்தியகொட, மாதவ மீகசுகும்புர, களன மதுவகே ஆகியோர் புண்டியசைப் பிரித்து, புதிய பேரினங்களை அமைத்தனர். அவற்றுள் ஒன்றுக்குப் பரிணாம அறிவியலை மக்களிடம் கொண்டுசென்ற ரிச்சர்டு டாக்கின்சின் பெயரை வைத்தனர். பேரினப் பெயர் மாறியது. தாமிரபரணி என்ற சிற்றினப் பெயர் மாறவில்லை.

பெயர்க் குழப்பம் மீன் தொட்டி வணிகத்தில் நீடிக்கிறது. அருலியசு என்று விற்கப்படுபவை பல நேரங்களில் தாமிரபரணிக் கெண்டைகளே.

கோவில்பட்டியும் ஆறும்

கோவில்பட்டி வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. இங்கு வற்றாத ஆறு இல்லை. கண்மாய்களும் ஊருணிகளும் கோடையில் காய்ந்துவிடும். எனவே நகரின் குடிநீர், சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே கொண்டுவரப்படுகிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் இவ்விடத்தோடு தொடர்புடைய முக்கூடற்பள்ளு, இலத்தீன் பெயர்கள் வருவதற்கு முன்பே ஆற்று மீன்களைப் பெயர் சொல்லி அடுக்கியது.

தாமிரபரணிக் கெண்டை அந்த ஆற்றுப் படுகைக்கு மட்டுமே உரியது. மணல் அள்ளுவதாலும் கழிவுநீர் கலப்பதாலும் ஆறு கெட்டால், இம்மீன் இடம்பெயர வேறு ஆறு கிடையாது. கோவில்பட்டிக்கும் அருகில் வேறு ஆறு கிடையாது.