போஞ்சியும் கொழுகொம்பும்

பதுளைச் சந்தையில் நீளமான பச்சைக்காய் ஒரு பிடி எடுத்துக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டால், விற்பவர் தமிழரானாலும் சிங்களவரானாலும் ‘போஞ்சி’ என்பார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதே விடைதான். மதுரையிலோ திருச்சியிலோ கேட்டால் ‘பீன்ஸ்’ என்பார்கள். ஒரே காய்க்குக் கடலின் இரு கரையிலும் இரண்டு பெயர்கள். ‘பீன்ஸ்’ ஆங்கிலச் சொல் என்பது எல்லோரும் அறிந்தது. ‘போஞ்சி’ ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல்.

ஒல்லாந்த மொழியில் அவரைக்குப் பெயர் ‘போன்’. சிறியது, சின்னஞ்சிறியது என்று சொல்ல அந்த மொழியில் ‘ட்யெ’ என்றொரு விகுதி உண்டு. ‘போன்ட்யெ’ என்றால் சிற்றவரை. நம் நாக்கு அதை ‘போஞ்சி’ ஆக்கிக்கொண்டது. மேசையின் இழுப்பறையை இலங்கைத் தமிழர் ‘லாச்சி’ என்கிறோம். அதுவும் ஒல்லாந்த ‘லாட்யெ’தான், அதே சிறுமை விகுதி, அதே வழியில் ‘ச்சி’ ஆயிற்று. அலுவலகத்தைக் குறித்த ‘கந்தோர்’ இதே கப்பலில் வந்தது. தமிழ்நாட்டாரும் அறிந்த ‘கக்கூசு’ம் அப்படித்தான்.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை 1658 முதல் 1796 வரை ஆண்டார்கள். பதுளை இருக்கும் ஊவா அவர்கள் கைக்கு வரவே இல்லை. 1815 வரை அது கண்டி அரசுக்கு உட்பட்ட மலைநாடு. அந்த ஆட்சி ஏறாத மலையில் அந்த ஆட்சியின் சொல் ஏறிவிட்டது. பின்னாளில் கோப்பித் தோட்டங்களுக்கும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவந்தபோது, வந்தவர்கள் இந்தக் காயையும் இந்தப் பெயரையும் இங்கேதான் பழகிக்கொண்டார்கள். சேலத்திலோ புதுக்கோட்டையிலோ இராமநாதபுரத்திலோ அவர்கள் விட்டுவந்த வீட்டில் ‘போஞ்சி’ என்ற சொல் இல்லை.

காயின் சொந்த ஊர் இன்னும் தொலைவு. நடு அமெரிக்காவிலும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலும் தனித்தனியே இருமுறை மனிதர் கைப்பட்டுப் பயிரானது அது. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பா சென்றது; அங்கிருந்து கப்பலேறிக் கிழக்கே வந்தது. குளிர் மிகாத, வெயில் தகிக்காத இடம் அதற்குப் பிடிக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கும் பண்டாரவளையும், அடுத்த வெலிமடையும் அதற்குத் தாய்வீடு போலாகிவிட்டன. ‘பண்டாரவளைப் பச்சை’, ‘கெப்பெட்டிபொல நில்’ என்று இவ்வூர்களின் பெயர் தாங்கிய போஞ்சி இனங்களே உண்டு. 1818ஆம் ஆண்டின் ஊவாக் கிளர்ச்சியில் தலைமையேற்றுச் சிரச்சேதம் செய்யப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையின் பெயர்தான் வெலிமடைப் பக்கத்து அந்த ஊருக்கு. அங்கே இன்று பெரிய மரக்கறிச் சந்தை நடக்கிறது.

தோட்டத்துத் தமிழில் பெயர்ச்சொற்களை எடுத்துப் பார்த்தால் பாதி இப்படி வெளியிலிருந்து வந்தவையாகவே இருக்கும். குடியிருக்கும் வரிசை வீடு ‘லயம்’. அது ஆங்கில ‘லைன்’. அதில் ஓர் அறை ‘காம்பரா’, அது போர்த்துக்கீசம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் ‘பெரட்டுக் களம்’, அது ‘பரேட்’. லயத்துக்குப் பின்னால் பந்தலில் தொங்கும் சௌசௌவின் பெயர் மெக்சிகோவில் ‘சயோட்லி’ ஆகப் புறப்பட்டு, இந்துப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவுகளில் ‘சூசூ’ ஆகி, நம்மிடம் வந்தது. தக்காளி மட்டும் விதிவிலக்கு. அந்தப் பழம் வருவதற்கு முன்பே நம்மிடம் மணத்தக்காளியும் வேறு சிறுதக்காளிகளும் இருந்தன. வந்ததைச் ‘சீமைத்தக்காளி’ என்றார்கள். பிறகு ‘சீமை’ உதிர்ந்துபோயிற்று.

இனி அதே மரக்கறித் தோட்டத்தில் வினைச்சொற்களைக் கேட்டுப் பாருங்கள். “அக்கா, போஞ்சிக்குக் கம்பு குத்தியாச்சா?” “கொடி ஏத்திவிடணும், கீழ கெடக்கு.” “நுனியைக் கிள்ளாதே, படரட்டும்.” நடுதல், குத்துதல், ஊன்றுதல், ஏற்றுதல், சுற்றுதல், கட்டுதல், கிள்ளுதல், படரவிடுதல்: ஒன்றுகூட இரவல் இல்லை. செடியின் பெயர் கடல்வழி வந்தது. செடியை வளர்க்கும் செயலின் பெயர், தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து, அங்கிருந்து மலையேறிய மனிதர்களோடு வந்தது. பெயர்களை இங்கே கற்றுக்கொண்டவர்கள் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கொடியை வளர்க்க அவர்களுக்கு முன்பே தெரியும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

அந்த அறிவு எவ்வளவு பழையது என்பதைச் சங்க இலக்கியமே காட்டும். குறுந்தொகையின் 82ஆம் பாட்டில் ஒரு மலைப்புனம் வருகிறது. தினை அரிந்துவிட்டார்கள். நின்ற தாளைப் பற்றி ஏறிய அவரைக்கொடி முன்பனிக் காலத்தில் பூத்திருக்கிறது. தனியே கம்பு நட வேண்டியதில்லை. முந்தின பயிரின் தட்டையே அடுத்த பயிருக்குக் கொம்பு. போஞ்சியின் தாயகத்திலும் இதே முறைதான். நடு அமெரிக்க உழவர்கள் சோளத்தட்டையில் அவரையை ஏற்றினார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மலை மக்கள் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய கொடியும் மற்றவருடைய கையும் ஊவாவில் சந்தித்தன.

கொடி பற்றி ஏறும் கோலுக்கு நூல் வழக்கில் ‘கொழுகொம்பு’ என்று பெயர். ‘கொள்கொம்பு’ என்ற வடிவமும் உண்டு. கொடி பற்றிக்கொள்ளும் கொம்பு என்பதே பொருள். மலையகப் பேச்சில் அது வெறும் ‘கம்பு’. பேச்சு வழக்கில் சொல் சுருங்கினாலும் அதன் பின்னாலிருந்த எண்ணம் சுருங்கவில்லை. பற்றுக்கோடில்லாத கொடியைக் கண்டு மனம் பொறுக்காதது தமிழின் பழைய இயல்பு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் தன் தவிப்பைச் சொல்லக் கொம்பில்லாத கொடியைத்தான் எடுத்துக்கொண்டார். ‘படர்’ என்ற வினையும் அப்படியே. கொடி படர்கிறது, நெஞ்சில் துயரும் படர்கிறது. திருக்குறளின் 117ஆம் அதிகாரத்துக்குப் ‘படர்மெலிந்திரங்கல்’ என்று பெயர். அங்கே படர் என்றால் பிரிவில் மனமெங்கும் பரவும் நினைவுத் துன்பம்.

இப்போது கம்பு குத்தும் வேலையை அருகிருந்து பார்ப்போம். விதைத்து இரண்டு மூன்று கிழமையில் கொடிப்போஞ்சியின் நுனி நீண்டு, எதையோ தேடுவதுபோல் காற்றில் அலையத் தொடங்கும். அதற்குமுன் கம்பு நின்றாக வேண்டும். பிந்தினால் கொடிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு தரையில் கிடக்கும், பிரித்தால் முறியும். ஆளுயரத்துக்கு மேலான மூங்கில் கம்பையோ யூக்கலிப்டஸ் கிளையையோ அடியைக் கூராகச் சீவி ஆழமாகக் குத்துவார்கள். எதிரெதிர் வரிசையின் கம்புகளை மேலே குறுக்காகச் சாய்த்து, சாயும் இடத்தில் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஊவாவில் இந்தக் குறுக்குக் கட்டு மிக அவசியம். தென்மேற்குப் பருவ மழையை மலைகள் அந்தப் பக்கமே இறக்கிவிடுவதால், ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பக்கம் வருவது வறண்ட கச்சான் காற்றுதான். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தரும் வாசனை அந்தக் காற்றில் பிறக்கிறது. தனியாக நிற்கும் போஞ்சிக் கம்பைப் பிடுங்கி எறிவதும் அதே காற்று.

கட்டுவதற்கு வாழைநார், பழைய சாக்கிலிருந்து உருவிய சணல், கிழிந்த சேலையின் கரை என எது கைக்குக் கிடைக்கிறதோ அது. கம்பைச் சுற்றி இறுக்கி ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு சுற்று. 8 என்ற இலக்கத்தைப்போல விழும் இந்தக் கட்டில் தண்டுக்கும் கம்புக்கும் இடையே நாரின் முறுக்கு நிற்பதால் உராய்வு இல்லை. தண்டு பருக்கவும் இடமிருக்கும். இந்தக் கட்டு முதல் முழ உயரம் வரைக்கும்தான் தேவை. அதன்பின் கொடி தானே ஏறும்.

தானே ஏறும்போதும் அதற்கொரு பிடிவாதம் உண்டு. மேலிருந்து பார்த்தால் போஞ்சிக்கொடி எப்போதும் இடஞ்சுழியாகவே சுற்றும். நாம் கோயிலை வலம் வரும் திசைக்கு நேர் எதிர்த் திசை. உதவி செய்வதாக நினைத்து வலஞ்சுழியாகச் சுற்றிவிட்டால் கொடி அதை அவிழ்த்துக்கொண்டு தன் வழிக்குத் திரும்பிவிடும். சார்ல்ஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அவரையின் நுனியையும் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். ஒரு முழு வட்டம் சுற்ற அதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. கொடி ஏற்றத் தெரிந்தவர்கள் மணி பார்ப்பதில்லை. நுனி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே அதைக் கம்பில் சேர்த்துவிடுவார்கள்.

புடல், பாகல், பீர்க்குக்குக் கம்பு போதாது. அவை தண்டால் சுற்றுவதில்லை, பற்றுக்கம்பியால் பிடித்துக்கொள்கின்றன. காய் கனமானது, தொங்க வேண்டும். புடலங்காய் வளையாமல் நீள நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கும் உண்டு. இவற்றுக்கு வேண்டியது பந்தல். பழைய வடிவம் ‘பந்தர்’; சாம்பர் சாம்பல் ஆனதுபோல் இறுதி எழுத்து மாறியது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் திருமணத்துக்காகக் கால் நட்டுப் பந்தர் போட்டு மணல் பரப்பியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் புடலைக்கும் ஒரே சொல் போதுமாயிருந்தது, ஏனென்றால் வேலை ஒன்றுதான்: நாலு கால் நட்டு மேலே பரப்பு. இந்தச் சொல் இரவல் வாங்கியதல்ல, கொடுத்தது. ஆங்கிலத்தில் ஏறி வங்காளத்தின் துர்க்கை பூசைப் பந்தல் வரை போயிருக்கிறது. இலங்கையில் வெசாக் நாட்களில் மின்விளக்குகளோடு தெருவில் எழும் அலங்காரத்தைச் சிங்களத்தில் ‘தொரண’ என்பார்கள். இந்நாட்டு ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘பண்டொல்’.

இத்தனை பழைய வேலையறிவு தோட்டத்தில் எவ்வளவு இடத்தில் நடக்க முடிந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மலை முழுக்கத் தேயிலை. அதை உண்டாக்கியவர்களுக்கு இருந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும், லயத்துக்கும் கானுக்கும் நடுவிலிருந்த துண்டு மண்ணும். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்த நாட்களில் லயத்தருகே நின்ற போஞ்சியும் சௌசௌவும் வெறும் தொட்டுக்கறியாக இருக்கவில்லை. நிலம் அகலமாகக் கிடைக்காதபோது பயிரை உயரத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. கம்பும் பந்தலும் நிலமற்றவரின் நிலமாயின.

கம்புக்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிக்கு ‘மிலாறு’ என்று பெயர். தமிழகத்தின் பேரகராதியும் சிறு கோலைக் குறித்துப் பதிந்திருக்கும் பழைய சொல் அது. தேயிலை இடுப்பளவுச் செடியாதலால் மிலாறு குட்டையாகவும் கோணலாகவும் இருக்கும். வேலிக்கு ஆகும், நுனி தேடும் இளங்கொடிக்கு முதற்படியாக ஊன்றவும் ஆகும். ஆனால் வீட்டின் விறகும் அதுதான். அடுப்புக்கா கொடிக்கா என்று ஒரு கட்டு மிலாறைப் பங்கிட்ட கணக்கு எந்தத் தோட்டப் பதிவேட்டிலும் இல்லை. அந்தச் சொல் மட்டும் அதை வைத்திருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கட்டித் தரும் திட்டங்கள் வந்தன. அங்குமிங்கும் நிறைவேறின. ஏழு பேர்ச்சஸ் என்பது இரண்டாயிரம் சதுர அடிக்குச் சற்றே குறைவு. வீடு போக மிஞ்சுவதில் பந்தலும் பத்துக் கம்பும் நிற்கலாம். போதாது. ஆனாலும் தன் பெயரில் உள்ள மண்ணில் நட்ட கம்பு வேறு, இன்றோ நாளையோ பிடுங்கச் சொல்வார்கள் என்ற நினைப்போடு நட்ட கம்பு வேறு.

மலையகச் சொற்களைச் சேர்க்கும் நல்ல வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் பெயர்களில் நின்றுவிடுகின்றன: துரை, கங்காணி, லயம், பெரட்டு. அவை ஆண்டவர்கள் வைத்த பெயர்கள், ஆளப்பட்ட முறையின் பெயர்கள். அவற்றை மட்டும் படிப்பவர், இந்த மக்கள் வெறுங்கையோடு வந்து எல்லாவற்றையும் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டவர்கள் என்றே நினைப்பார். பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் சொல் சேர்க்கப் போகும் மாணவர்கள் ‘இதன் பெயர் என்ன’ என்று கேட்பதோடு, ‘இதை எப்படிச் செய்வீர்கள்’ என்றும் கேட்க வேண்டும். எப்போது கம்பு குத்துவீர்கள், எந்தப் பக்கம் சுற்றுவீர்கள், எதனால் கட்டுவீர்கள் என்று கேட்க வேண்டும். விடையில் வினைச்சொற்கள் வரும். இரண்டாயிரம் ஆண்டு வேளாண் அறிவோடு மலையேறியவர்கள் இவர்கள் என்பதற்குச் சான்று அந்த வினைச்சொற்களில்தான் இருக்கிறது. அதை எழுதிவைப்பது நம் கடமை.