எக்ஸ்ரே வண்டியைக் கடத்தியவர்கள்

1970 ஜூன் 17 அன்று நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமில் ஒரு திருட்டு நடந்தது. காசநோய்ச் சோதனைக்கான எக்ஸ்ரே வண்டியை யங் லார்ட்ஸ் என்ற போர்த்தோ ரிக்கோ இளைஞர் அமைப்பினர் கைப்பற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒளித்து வைக்கவில்லை. தங்கள் அலுவலகத்துக்கு எதிரே நிறுத்தி, வாங்க, படம் எடுத்துக்குங்க என்று தெருவையே கூப்பிட்டார்கள். அந்தச் சில நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள்.

இலவச வண்டியை எதற்குக் கடத்த வேண்டும்?

போர்த்தோ ரிக்கர்களுக்கு 1917இலேயே அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் நியூயார்க்குக்கு வந்தார்கள். காகிதத்தில் குடிமக்கள்; ஆஸ்பத்திரியில் தன் வலியை ஸ்பானிஷில் சொன்னால் புரிந்துகொள்ள ஆளில்லாத அந்நியர்கள். யங் லார்ட்ஸ் வீடு வீடாகப் போய்க் காசநோய்க்கான தோல் சோதனை செய்தார்கள். தொற்று தெரிந்தவர்களுக்கு அடுத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வண்டி இயங்கும் நேரத்திலோ அவர்கள் வேலையில் இருந்தார்கள். நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டுப் பார்த்தும் பலனில்லாமல் போனபிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.

மென்பொருள் வேலையில் எனக்கு இது தினசரி பார்த்துப் பழகிய விஷயம். சர்வர் ஓடுகிறது என்று திரையில் பச்சை விளக்கு எரியும். பயனரால் உள்ளே நுழையவே முடியாது. நம்ம கணக்கில் எல்லாம் சரி. வண்டியை அனுப்பியவர்களின் கணக்கிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பது கதவைத் தட்டியவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். வண்டியைத் தினமும் கூடுதல் நேரம் இயக்க ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த மாதம், ஜூலை 14, இதே ஆட்கள் தெற்கு பிராங்ஸின் லிங்கன் மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். பாழடைந்த கட்டடம், அக்கம்பக்கத்தில் அதற்குக் கசாப்புக்கடை என்றே பெயர். சுமார் பன்னிரண்டு மணி நேரம் அதைத் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர்களிலும் ஊழியர்களிலும் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியே இருந்தவர்களுக்குத் தெரு தெரியும், உள்ளே இருந்தவர்களுக்கு மருத்துவம் தெரியும். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை.

இதை வெற்றிக்கதையாக முடித்துவிட முடியாது. முற்றுகை முடிந்த சில நாட்களிலேயே, இதய நோய் இருந்த ஒரு போர்த்தோ ரிக்கோப் பெண் அதே லிங்கனில் கருக்கலைப்புச் சிகிச்சையைத் தொடர்ந்து இறந்துபோனார். ஒருநாள் முற்றுகையால் ஒரு ஆஸ்பத்திரி மாறிவிடாது. ஆனால் அந்த வருடம் நவம்பரில், ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கான சிகிச்சை மையம் லிங்கனில் தொடங்கியது. அதை நடத்தியதில் யங் லார்ட்ஸுக்கும் பங்கிருந்தது. 1976இல் புதிய கட்டடம் வந்தது.

வண்டியை எடுத்தது சட்டப்படி திருட்டுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வண்டிக்குள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அதே வண்டி, அதே கருவி. மாறியது இடமும் நேரமும்தான். அதை முடிவு செய்தவர்கள் அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள்.