பட்டறையும் ப்ராஜெக்ட்டும்

இரண்டாம் உலகப்போரில் கப்பல் போக்குவரத்து முடங்கியபோது, கிழக்கே மலேயா பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோயின. 1943இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்து அந்தத் தொழில் தெரிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து உள்ளூர்க் குச்சிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்யப் பார்த்தார்கள். கிழங்கைக் கையால் அரைத்து, பால் எடுத்துத் தெளியவைத்து, மாவைத் துணித் தூளியில் போட்டுக் குலுக்கி மணியாக்கி, வாணலியில் வறுப்பது. நாளெல்லாம் மாரடித்தாலும் 2 மூட்டை தேறுவதே பெரிது. மெக்கானிக் வெங்கடாசலக் கவுண்டர் கைவைத்த பிறகு அரைக்கும் வேலையும் வறுக்கும் வேலையும் மாறின. 100 கிலோ மூட்டை, நாளைக்கு 25 வரை ஏறியது.

சரக்குக்குச் சந்தை எங்கே என்று தெரிந்தவர் ஒருவர், செய்முறை தெரிந்தவர் ஒருவர், இரும்பு வேலை தெரிந்தவர் ஒருவர். இதைத்தான் இன்று பொறியியல் பாடத்திட்டம் ‘குழு வடிவமைப்பு ப்ராஜெக்ட்’ என்கிறது. அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் ஒரு பொறியியல் கல்லூரிகூடக் கிடையாது.

நாமக்கல் லாரிப் பட்டறைகளின் கதையும் இதே வகைதான். தொழிற்சாலையிலிருந்து வருவது வெறும் சேஸிஸ். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் டிரைவர் அதை ஓட்டிவந்து பட்டறையில் விடுவார். பிறகு ஆசாரி, வெல்டர், டிங்கர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர் என்று ஆளாளுக்கு ஒரு வேலை. என்ன லோடு ஏற்றப்போகிறோம் என்று வண்டிக்காரர் சொல்வதிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். நெல் மூட்டைக்கு ஒரு பாடி, கோழிக்கு ஒரு பாடி, முட்டைக்கு வேறொன்று. சுமை பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். பின்னால் தள்ளிவிட்டால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையில் பிடிக்காது. காலேஜில் இதைப் படம் போட்டு, விசைகளைக் கூட்டிக் கழித்துச் சொல்லித்தருவார்கள். பட்டறையில் மேஸ்திரி சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்கு ஆசாரி ஒத்துக்கொள்ள வேண்டும், வெல்டரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை நின்றது.

திருச்செங்கோட்டில் இந்தக் கூட்டு வேலை இன்னும் ஒரு படி மேலே போனது. பாறை நிறைந்த மண்ணில் காற்றழுத்தச் சுத்தியலால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் இயந்திரங்கள் இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டது 1967 பீகார் வறட்சியின்போதுதான். யூனிசெஃப் அவற்றை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. பின்னாளில் அந்தத் தொழிலில் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர் திருச்செங்கோடு. இங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரை, கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன. முன்னூறு அடியில் சுத்தியல் சிக்கிக்கொண்டால் அங்கே போய்ச் சரிசெய்ய கம்பெனி ஆள் வரமாட்டான். வண்டியோடு போன நாலைந்து பேர்தான் யோசித்து எடுக்க வேண்டும்.

கல்லூரிகள் இதற்கெல்லாம் பக்கத்திலேயே வந்தன. 1958இல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக்கைத் தொடங்கினார். 1966இல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. அது இருப்பது கருப்பூரில். 1984க்குப் பிறகு தமிழகத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 1994இல் திருச்செங்கோட்டில் கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி, 1997இல் சேலத்தில் சோனா. அதன்பின் நெடுஞ்சாலையோரம் வரிசை கட்டின.

ஆனால் பட்டறையின் பழக்கம் சாலையைத் தாண்டி வகுப்புக்குள் வரவில்லை. முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் மாணவன் ஒரு இரும்புத் தகட்டை ஹாக்ஸாவால் அறுத்து, அரம் போட்டுத் தேய்த்து, ‘வி’ வடிவில் பொருத்திக் காட்டுவான். அதோடு சரி. கடைசி செமஸ்டரில் நாலு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட், மூன்று ரிவ்யூ, தங்க எழுத்து அச்சிட்ட அட்டையோடு ரிப்போர்ட், வைவா. நாலு பேரில் ஒருவன் உழைப்பான், ஒருவன் பைண்டிங் கடைக்குப் போவான், மற்ற இருவர் வைவாவுக்கு வருவார்கள். ப்ராஜெக்ட்டையே ரெடிமேடாக விற்கும் சென்டர்களும் முளைத்தன. தலைப்பைப் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தால் போதும், மாடலும் ரிப்போர்ட்டும் சேர்ந்தே கிடைக்கும். மாணவனைத் திட்டிப் பயனில்லை. தலைப்பை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிரச்சினையைத் தேடச் சொன்ன ஏற்பாடு அப்படித்தான் முடியும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 1963இல் வேறு வழி பிடித்தது. ‘கிளினிக்’ என்று பெயர். கம்பெனி தன் நிஜமான சிக்கலையும் அதற்கான பணத்தையும் கொண்டுவரும். மாணவர் குழு அதோடு கல்வியாண்டு முழுவதும் மல்லுக்கட்டும். சிக்கல் வெளியிலிருந்து வருவதால் அதைக் கடையில் வாங்க முடியாது. நம் ஊரில் கல்லூரி வாசலிலேயே பாடி பட்டறையும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியும் இருந்தும் இது யாருக்கும் தோன்றவில்லையா என்றால், தோன்றியிருக்கும்; மார்க் போட அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மாற்றம் பாடத்திட்டத்தைவிடப் போட்டிகள் வழியாகத்தான் முதலில் வந்தது. 1976இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் பிறந்த பாஹா வண்டிப் போட்டி, 2007இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் இந்தியாவுக்கு வந்தது. மாணவர்களே ஃபிரேம் வளைத்து, வெல்டிங் அடித்து, கரடுமுரடான தடத்தில் நாலு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். எத்தனை ரூபாய் செலவானது என்ற கணக்குக்கும் மார்க் உண்டு. வெல்டிங் பிய்ந்தால் வைவாவில் சமாளிக்கிற மாதிரி சமாளிக்க முடியாது. 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா முழு உறுப்பினரானபின், குழுவாக வேலை செய்யும் திறனும் வடிவமைக்கும் திறனும் அங்கீகார அளவுகோல்களில் முக்கிய இடம் பிடித்தன. 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அரசுத் துறைகளே தங்கள் சிக்கல்களைக் கொடுத்தன. தீர்க்க 36 மணி நேரம்.

இவை போதுமா என்றால் போதாது. போட்டிக்கு ஒரு குழு போகும், மீதிப் பேர் கைதட்டுவார்கள். குச்சிக்கிழங்குத் தோல் உரிப்பதும் சேகோ ஆலைக் கழிவுநீரும் இன்னும் தலைவலியாக இருக்கிற ஊரில் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புப் பஞ்சம் என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

கவுன்சலிங் சமயத்தில் கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோர் ப்ளேஸ்மென்ட் பட்டியலை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். போன வருஷப் பிள்ளைகள் செய்த ப்ராஜெக்ட் எங்கே என்று கேளுங்கள். இருந்தால் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். யாருக்காகச் செய்தார்கள் என்றும் கேளுங்கள்.