ஆடித்தபசுக் கூட்டமும் ஊர்த் தண்ணியும்

சங்கரன்கோவிலை உள்ளூர்க்காரர் யாரும் சுற்றுலாத்தலம்னு சொல்ல மாட்டாங்க. கோயில், விசைத்தறி, பிரியாணி, அவ்வளவுதான். ஆனா ஆடித்தபசு அன்னைக்கு கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பதைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் வரும். 2011 கணக்குப்படி ஊரின் மக்கள்தொகை 57,000 சொச்சம்தான். வற்றாத ஆறும் கிடையாது. அப்படியானால் அந்த ஒரு நாளின் தண்ணீர், கழிப்பறை, குப்பைச் செலவை யார் ஏற்பது? இது இன்றைக்கு முளைத்த கேள்வி இல்லை.

பழைய திருவிழா மண்ணோடு ஒட்டியது. விவசாயிகள் பருத்தி, மிளகாய் என்று விளைச்சலைக் கொண்டுவந்து அம்மனை நோக்கி வீசுவார்கள். திரும்பும்போது புற்றுமண்ணை எடுத்துப் போவார்கள். மிச்சமானது மக்கிப் போகும். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வருகிற கூட்டத்துக்கு ஓர் அளவும் இருந்தது. 1927-இல் விருதுநகர் – தென்காசி ரயில்பாதை வந்ததும் அந்த அளவு மாறியது.

அந்தக் காலத்தில் யாத்திரை என்றாலே அரசுக்குக் காலரா பயம். 1866-இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாட்டில் யாத்திரைக் கூட்டங்கள் முக்கியமான பேச்சு. 1884-இல் ராபர்ட் கோக், கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். குளிக்கிற குளமே குடிக்கிற குளமாக இருந்ததுதான் சிக்கல்.

1939-ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தை, திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. நல்ல குடிநீரும் போதிய கழிப்பறைகளும் உள்ளாட்சியின் பொறுப்பு என்றது அது. பொறுப்பு சரி, காசு? 1956-இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது: அறிவிக்கப்பட்ட யாத்திரைத் தலங்களுக்கும் திருவிழா நடக்கும் ஊர்களுக்கும் போய்வரும் ரயில் பயணிகளிடம் டிக்கெட்டோடு சேர்த்து வரி வாங்கலாம். ஆனா இதன் வருமானம் மாநிலங்களுக்கு உரியதாக இருந்தது. அதில் எவ்வளவு ஊர்ச் சாக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கும்?

2024-இல் வெனிஸ் நகரம் பகலில் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியபோது உலகமே புதுமை என்று பேசியது. நம்மிடம் அந்த யோசனை எப்போதோ வந்துவிட்டது. ஆனாலும் வெனிஸ் வழி இங்கே சரிப்படாது. தபசு பார்க்க வருகிறவர்களில் பலர் கூலிக்காரர்கள். ஊர் எல்லையில் காசு கேட்பது நியாயமில்லை. குடியிருப்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வந்துபோகிறவர்களையும் கணக்கில் எடுத்து நகராட்சிக்கு நிதி ஒதுக்குவதே நேரான வழி. காலரா பயம் போய்விட்டது. இப்போது தெருவில் மிஞ்சுவது பிளாஸ்டிக் பாட்டில், அது புற்றுமண் மாதிரி யார் வீட்டுக்கும் போவதில்லை.